எதிர்ப்பாற்றல் அடக்கு மருந்துகளும் மூட்டு அழற்சியும்: ஆய்வுக்கூட எலிகள் கற்றுத்தந்தவை

முடக்குவாதம் எனப்படும் மூட்டு அழற்சி நோய்க்காக எங்கள் பிரிவுக்கு வருவோருள் பலர், மருந்துச் சீட்டைப் பெற்று வீடு திரும்பிய பிறகு பெருங்குழப்பத்திற்கு ஆளாகின்றனர். மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரையின் பெயரைக் கேட்டதும், "இது புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்தாயிற்றே" என்று யாரேனும் ஒருவர் கூறிவிடுகிறார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்னும் செய்தி அச்சத்தை மேலும் வளர்க்கிறது. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதற்கே எல்லோரும் வழி சொல்லும்போது, மருத்துவர்கள் அதைக் குறைக்கச் சொல்கிறார்களே என்று குடும்பத்தார் கேட்பது இயல்பே. இதன் விளைவாகச் சிலர் மருந்தைத் தொடங்குவதே இல்லை. வேறு சிலர் வலி குறைந்தவுடன் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். இரண்டு வழியிலும் பாதிக்கப்படுவன அவர்களுடைய மூட்டுகளே.

இம்மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை நாங்கள் அறிந்துகொண்டதில் ஆய்வுக்கூட எலிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த ஆய்வுகள் என்ன காட்டின, எதைக் காட்ட இயலவில்லை, அவற்றிலிருந்து ஒரு நோயாளி தம் அன்றாட வாழ்வுக்கு எதை எடுத்துக்கொள்ளலாம் என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

நோயின் வேர் எங்கே இருக்கிறது?

நம் மூட்டுகளின் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியுள்ளது. மூட்டு வழுவழுப்பாக அசைவதற்கு வேண்டிய நீரைச் சுரப்பது இச்சவ்வே. கிருமிகளை எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளணுக்கள் முடக்குவாதத்தில் இச்சவ்வையே பகையெனக் கருதித் தாக்குகின்றன. சவ்வு வீங்கித் தடிக்கிறது. புதிய இரத்தக் குழாய்கள் அதனுள் முளைக்கின்றன. தடித்த சவ்வு களையைப் போலப் படர்ந்து குருத்தெலும்பையும், அதன் கீழுள்ள எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாத இறுக்கம், இரு கைகளிலும் ஒருசேரத் தோன்றும் வீக்கம், காரணமற்ற சோர்வு ஆகியவை இந்த உட்போரின் வெளி அடையாளங்கள்.

மூட்டைத் தாக்குவது உடம்பின் சொந்தப் படையே என்பது இன்று எளிதாகச் சொல்லக்கூடிய செய்தி. ஆனால் எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் இது ஐயத்திற்குரிய கருத்தாகவே இருந்தது. கண்டறியப்படாத கிருமி ஒன்று மூட்டுக்குள் ஒளிந்திருக்கக்கூடும் என்று கருதியவர்களும் உண்டு. இந்த ஐயத்தைப் பெருமளவு தெளிவித்தவை விலங்கு ஆய்வுகள்.

எலிகளுக்கு மூட்டு அழற்சி வந்த வகை

1956ஆம் ஆண்டு அமெரிக்காவில் கார்ல் பியர்சன் என்னும் மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கொல்லப்பட்ட காசநோய் வகைக் கிருமிகளைக் கனிம எண்ணெயில் கலந்து எலிகளின் தோலில் செலுத்தினால், ஏறத்தாழ இரண்டு வாரங்களில் அவற்றின் பாதங்களும் கணுக்கால்களும் வீங்குகின்றன என்று அவர் காட்டினார். ஊசி போட்ட இடத்திற்கு வெகுதொலைவில் உள்ள மூட்டுகளும் வீங்கின. செலுத்தப்பட்ட கிருமிகளோ உயிரற்றவை. ஆகவே தொற்று பரவியது என்று கூற இயலாது. ஊசி போட்டதற்கும் வீக்கம் தோன்றியதற்கும் இடையே கழிந்த நாட்கள், எதிர்ப்பாற்றல் அணுக்கள் பெருகித் திரள எடுத்துக்கொண்ட காலம் என்று கருத இடமிருந்தது.

1964இல் பியர்சனும் அவருடன் பணியாற்றிய வுட் என்பவரும் இன்னொரு படி முன்னே சென்றனர். நோயுற்ற எலியின் நிணநீர்க் கணுக்களிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வெள்ளணுக்களை எடுத்து, நோயற்ற எலிக்குச் செலுத்தினர். அந்த எலிக்கும் மூட்டு அழற்சி வந்தது. நோயைச் சுமந்து சென்றவை வெள்ளணுக்களே என்பது இதனால் விளங்கியது.

1977இல் டிரெந்தம், டவுன்ஸ், காங் என்னும் மூவர் மற்றொரு முறையை விவரித்தனர். குருத்தெலும்பின் முதன்மையான புரதத்திற்கு இரண்டாம் வகைக் கொலாஜன் என்று பெயர். அதைத் தனியே பிரித்தெடுத்துத் துணைப்பொருளோடு எலிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் உடம்பு அந்தப் புரதத்திற்கு எதிராகப் படை திரட்டியது. திரண்ட படை எலியின் சொந்தக் குருத்தெலும்பையும் தாக்கிற்று. பின்னர் சுண்டெலிகளிலும் இம்முறை நிலைநாட்டப்பட்டது. நுண்ணோக்கியில் பார்த்தபோது, மனித முடக்குவாதத்தில் காணும் சவ்வுத் தடிப்பும் எலும்பு அரிப்பும் அவற்றின் மூட்டுகளிலும் காணப்பட்டன.

இந்த இரு முறைகளும் மருந்தைச் சோதிக்கும் களங்களாயின. பாதத்தை நீர் நிறைந்த குழாயில் அமிழ்த்தி, இடம்பெயரும் நீரின் அளவைக் கொண்டு வீக்கம் அளக்கப்படுகிறது. ஒவ்வொரு காலுக்கும் வீக்கத்தின் கடுமைக்கு ஏற்ப 0 முதல் 4 வரை மதிப்பெண் இடப்படுவதும் உண்டு. இறுதியில் ஊடுகதிர்ப் படத்தாலும் நுண்ணோக்கியாலும் எலும்பின் நிலை ஆராயப்படுகிறது. வெளி வீக்கத்தை மட்டும் பார்க்காமல் உள்ளே எலும்பு காக்கப்பட்டதா என்று தேடும் இந்தக் கடைசிப் படி மிக முக்கியமானது என்பதைப் பின்னர் காண்போம்.

மருந்துகள் எந்த இடத்தில் தடுக்கின்றன?

ஓர் ஊரில் வதந்தி பரவிக் கலவரம் மூள்வதை எண்ணிப் பாருங்கள். முதலில் சிலர் தவறான செய்தியை நம்புகின்றனர். அவர்கள் ஆட்களைத் திரட்டுகின்றனர். கூட்டம் பெருகுகிறது. ஒருவரையொருவர் கூவி அழைத்து வெறியூட்டுகின்றனர். இறுதியில் வீடுகள் எரிகின்றன. எதிர்ப்பாற்றல் அடக்கு மருந்துகள் ஒவ்வொன்றும் இந்தத் தொடரின் வெவ்வேறு கண்ணியில் குறுக்கிடுகின்றன.

சைக்ளோஸ்போரின், ஆட்களைத் திரட்டும் கட்டத்தைத் தடுக்கிறது. டி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள் தூண்டப்பட்டதும், பெருகுவதற்கான கட்டளையாக ஒரு வேதிச் செய்தியை வெளியிடுகின்றன. அச்செய்தி உருவாவதை இம்மருந்து தடுத்துவிடுகிறது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட இப்பொருளைப் பற்றி, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பணியாற்றிய போரெலும் அவருடைய குழுவினரும் 1976இல் கட்டுரை வெளியிட்டனர். எலிகளுக்குத் தூண்டப்பட்ட மூட்டு அழற்சியை இது தணிக்கிறது என்ற செய்தி அந்தத் தொடக்கக் கட்டுரையிலேயே இடம்பெற்றிருந்தது. உறுப்பு மாற்று சிகிச்சையை உலகெங்கும் மாற்றியமைத்த மருந்தும் இதுவே.

லெஃப்ளூனோமைடு, கூட்டம் பெருகுவதைத் தடுக்கிறது. வேகமாகப் பிரியும் வெள்ளணுக்களுக்கு மரபுப் பொருளை ஆக்கும் மூலக்கூறுகள் மிகுதியாகத் தேவைப்படும். அவற்றுள் ஒரு வகையின் உற்பத்தியை இம்மருந்து குறைக்கிறது. இதுவும் எலிகளின் மூட்டு அழற்சியில் சோதிக்கப்பட்டு, 1998இல் அமெரிக்காவில் முடக்குவாதத்திற்கு ஒப்புதல் பெற்றது.

மெத்தோட்ரெக்சேட்டின் கதை சற்று வேறானது. இதுவும் இதற்கு முந்திய அமினோப்டெரினும் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் உருவாயின. அங்கே ஆய்வுக்குத் தலைமை ஏற்றிருந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். புற்றுநோயில் இம்மருந்து ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுத்து அணுக்கள் பிரிவதை நிறுத்துகிறது. முடக்குவாதத்தில் நாங்கள் தருவது வாரத்திற்கு ஒருமுறை, பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை மட்டுமே. சில புற்றுநோய்களுக்கு ஒரே வேளையில் ஆயிரக்கணக்கான மில்லிகிராம் செலுத்தப்படுவதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தச் சிற்றளவில் மருந்து அணுக்களைக் கொல்வதைக் காட்டிலும், அழற்சியைத் தணிக்கும் அடினோசின் என்னும் இயற்கைப் பொருளை மூட்டில் மிகுவிப்பதன் வாயிலாகவே பெரிதும் பயன் தருவதாகக் கருதப்படுகிறது. இதைக் காட்டியவையும் சுண்டெலிகளில் செய்யப்பட்ட ஆய்வுகளே.

உயிரியல் மருந்துகள், வெறியூட்டும் கூவலை நிறுத்துகின்றன. டிஎன்எஃப் என்பது அழற்சியை மூட்டும் செய்திப் புரதம். 1992இல் இலண்டனில் வில்லியம்ஸ், ஃபெல்ட்மன், மைனி ஆகியோர், கொலாஜனால் மூட்டு அழற்சி உண்டான சுண்டெலிகளுக்கு இப்புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தினர். நோய் தோன்றிய பின்னர் கொடுத்தபோதும் பாத வீக்கமும் மூட்டுச் சிதைவும் குறைந்தன. அதே ஆண்டில் இலண்டன் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிகளுக்கு இத்தகைய சிகிச்சை அளிக்கப்பட்டது. இன்று எங்கள் நோயாளிகள் பெறும் எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் ஆகிய ஊசிகள் இவ்வழியில் வந்தவை.

எப்போது தொடங்குகிறோம் என்பதே பெரிய கேள்வி

விலங்கு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிய உண்மை ஒன்று உண்டு. நோயைத் தூண்டும் ஊசி போட்ட நாளிலிருந்தே மருந்தைத் தொடங்கினால் அழற்சியைத் தடுப்பது எளிது. வீக்கம் முற்றிய பின்னர் தொடங்கினால் அதே மருந்தின் பயன் குறைகிறது. 1983இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சைக்ளோஸ்போரினைக் கொண்டு செய்த ஆய்வு இதைக் கூர்மையாக உணர்த்தியது. கொலாஜன் செலுத்திய நாளிலேயே தொடங்கியபோது மருந்து நோயை அடக்கிற்று. காலம் தாழ்த்தித் தொடங்கியபோது அதே மருந்து நோயை மிகுவித்தது. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் அணுக்களும் அதைக் கட்டுக்குள் வைக்கும் அணுக்களும் ஒரே படையில் உள்ளன என்பதையும், காலமும் அளவும் அறிந்தே மருந்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் இது நினைவூட்டுகிறது.

மனிதருக்கு நோய் தொடங்கும் நாளை எவரும் அறிய முடியாது. ஆயினும் பலருக்கு நோய் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எலும்பு அரிப்பு தென்படுகிறது. அரிக்கப்பட்ட எலும்பை எந்த மாத்திரையும் பழைய வடிவுக்குக் கொண்டுவருவதில்லை. ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மூட்டு வீக்கத்தை "வயதாகிவிட்டது", "குளிர் காற்று பட்டது" என்று ஒதுக்காமல் விரைவில் வருமாறு நாங்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுவே.

வீக்கம் வடிவதும் நோய் அடங்குவதும் வேறு வேறு

மூட்டு அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இண்டோமெத்தசின் போன்ற வலிநீக்கி மாத்திரைகளைக் கொடுத்தாலும் பாத வீக்கம் நன்கு குறைகிறது. வீக்கத்தை மட்டும் அளந்த ஆய்வாளர், நோயை மாற்றும் மருந்தையும் வலியைக் குறைக்கும் மருந்தையும் பிரித்தறிய முடியாமல் போகலாம். மனிதரில் இவற்றின் வேறுபாடு தெளிவானது. வலிநீக்கி மாத்திரை சில மணி நேர ஆறுதலைத் தருகிறது. எலும்பு அரிப்பை அது நிறுத்துவதில்லை. மெத்தோட்ரெக்சேட் போன்றவை மெதுவாகவே வேலை தொடங்கும். பயன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். ஆனால் அவையே மூட்டைக் காக்கின்றன.

ஆகவே "வலி மாத்திரை உடனே கேட்கிறது, வார மாத்திரை ஒன்றும் செய்யவில்லை" என்று கருதி வார மாத்திரையைக் கைவிடுவது, விளக்கை அணைத்துவிட்டுப் பாம்பு போய்விட்டது என்று எண்ணுவதைப் போன்றது.

எலிகள் சொல்லாதவை

விலங்கு ஆய்வுகளின் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எலிக்கு நாம் உண்டாக்கும் நோய் மனித முடக்குவாதத்தின் நிழலே. பியர்சன் முறையில் நோயுற்ற எலிகளின் அழற்சி சில வாரங்களில் தானாகவே தணியத் தொடங்கும். கோணிய மூட்டுகள் மட்டும் எஞ்சும். மனிதரின் நோயோ பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் தொடர்வது. எனவே எலிக்குச் சில வாரங்கள் மருந்து போதும் என்பதைக் கொண்டு மனிதருக்கும் அவ்வாறே என்று முடிவு செய்யலாகாது. மருந்தை நிறுத்தினால் பலருக்கு நோய் மீண்டும் தலைதூக்குகிறது. நோய் நெடுங்காலம் அடங்கியிருந்தால் அளவைப் படிப்படியாகக் குறைப்பதுண்டு; அது மருத்துவரின் மேற்பார்வையில் நடைபெற வேண்டும்.

எலிகளில் சிறந்து விளங்கி மனிதரில் ஏமாற்றமளித்த மருந்துகளும் உள்ளன. பி38 என்னும் நொதியைத் தடுக்கும் மருந்துகள் எலிகளின் மூட்டு அழற்சியை நன்கு தணித்தன. முடக்குவாத நோயாளிகளிடம் சோதித்தபோதோ எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. "எலிகளில் மூட்டு வலி குணமானது" என்னும் விளம்பரத்தோடு விற்கப்படும் பொடியையோ எண்ணெயையோ காணும்போது இதனை நினைவிற் கொள்ளுங்கள். விலங்குச் சோதனை தொடக்கப் படிதான். மனிதரிடம் முறையாக நடத்தப்படும் ஒப்பீட்டு ஆய்வுகளைக் கடந்த பின்னரே ஒரு மருந்து உங்கள் சீட்டில் இடம்பெறுகிறது.

உயிர்களை வருத்தி அறிவு தேடுவது சரியா என்று கேட்பவர்களும் எங்களிடம் உண்டு. அக்கேள்வியை நாங்கள் மதிக்கிறோம். 1959இல் ரசல், பர்ச் என்னும் இருவர் மூன்று நெறிகளை முன்வைத்தனர். இயன்ற இடத்தில் விலங்குக்கு மாற்றுவழி தேடுதல், விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், அவற்றின் துன்பத்தைத் தணித்தல் ஆகியவை அவை. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த குழு இத்தகைய ஆய்வுகளை ஒழுங்குபடுத்துகிறது.

எதிர்ப்பாற்றல் குறைந்தால் ஆபத்து இல்லையா?

உண்டு, அதை அறிந்தே இம்மருந்துகளைத் தருகிறோம். எங்கள் நோக்கம் எதிர்ப்பாற்றலை முற்றிலும் அழிப்பது அன்று. வழிதவறிய படையை அடக்கும் அளவுக்கு மட்டுமே மருந்தின் அளவு தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆயினும் அதே படைதான் கிருமிகளையும் காவல் செய்கிறது. நம் நாட்டில் பலருடைய உடம்பில் காசநோய்க் கிருமி உறங்கிய நிலையில் உள்ளது. அதைச் சுற்றி எழுப்பப்பட்ட காவல் அரணைக் கட்டிக்காப்பதில் டிஎன்எஃப் புரதத்திற்குப் பங்குண்டு. அப்புரதத்தைத் தடுத்தால் அரண் தளர்ந்து நோய் விழித்தெழக்கூடும். ஆதலால் உயிரியல் ஊசிகளைத் தொடங்குமுன் நெஞ்சு ஊடுகதிர்ப் படமும் காசநோய்ச் சோதனையும் செய்கிறோம். இவற்றை வீண்செலவென்று தவிர்க்க வேண்டாம்.

நோயாளிகளும் குடும்பத்தாரும் நினைவிற் கொள்ள வேண்டியவை

1. மெத்தோட்ரெக்சேட் வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டிய மருந்து. நாள்தோறும் தவறாக உட்கொண்டால் வாய்ப்புண், இரத்த அணுக் குறைவு, உயிராபத்து வரை நேரலாம். கிழமையைத் தேர்ந்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். முதியவர்களுக்கு வீட்டிலுள்ளோர் ஒருவரே மாத்திரையை எடுத்துக் கொடுப்பது நல்லது.

2. ஃபோலிக் அமில மாத்திரையை எந்த நாளில் உட்கொள்ளச் சொல்லியிருக்கிறோமோ அந்த நாளில் தவறாமல் உட்கொள்ளுங்கள். இது பக்கவிளைவுகளைக் குறைக்கிறது.

3. இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான இரத்தச் சோதனையைக் குறித்த நாளில் செய்துகொள்ளுங்கள். சைக்ளோஸ்போரின் உட்கொள்வோர் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. காய்ச்சல், நீடித்த இருமல், மூச்சுத்திணறல், வாய்ப்புண், தோலில் காயமின்றித் தோன்றும் இரத்தக்கட்டு ஆகியவற்றுள் எது கண்டாலும் அடுத்த முறை வரும்வரை காத்திராமல் உடனே தெரிவியுங்கள்.

5. மெத்தோட்ரெக்சேட்டும் லெஃப்ளூனோமைடும் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கும். குழந்தைப்பேற்றை விரும்புவோர் கருத்தரிப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே எங்களிடம் கூறுங்கள். பாதுகாப்பான மாற்று மருந்துகள் உள்ளன.

6. மதுவைத் தவிருங்கள். தடுப்பூசி எதுவாயினும் போடுமுன் கேளுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் சிலருக்கு ஏற்றவை அல்ல.

7. ஸ்டீராய்டு மாத்திரையை ஒருபோதும் திடீரென்று நிறுத்தாதீர்கள். மற்ற மருந்துகளைப் பற்றி அச்சம் எழுந்தால் நிறுத்துமுன் எங்களிடம் கேளுங்கள்.

எலியின் பாதத்தில் வடிந்த வீக்கத்திலிருந்து உங்கள் கைக்கு வந்த மாத்திரை வரை நீண்ட வழி உண்டு. அந்த வழியெங்கும் உறுதிப்பட்ட செய்தி, மூட்டைக் காப்பதற்குரிய காலம் தொடக்கக் காலமே என்பதும், வலி அடங்கியதைக் கொண்டு நோய் அடங்கியது என்று முடிவு செய்யலாகாது என்பதுமாகும். அடுத்த முறை வரும்போது உங்கள் மருந்துச் சீட்டையும், மீதமுள்ள மாத்திரைகளையும், மனத்திலுள்ள ஐயங்களையும் உடன் கொண்டு வாருங்கள். மூன்றையும் சேர்த்துப் பார்க்க நாங்கள் காத்திருக்கிறோம்.